வரப்போகிறவருக்கு எழுதியவர்

டெல்லிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு ஸ்குரூ டிரைவரும் எங்கள் ஆத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவரின் பெயரும்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. இந்தியில் ஒரு சொல் தெரியாது. அந்த மூலதனத்தை வைத்து நான் கட்டியதைச் சொல்கிறேன். யமுனைக்கு இந்தப் பக்கம் எழும்பிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைக்கும் கூலியாக நுழைந்தேன். மெக்கானிக் ஆனேன். பெரிய கம்பெனிகள் இனி ஓடாது என்று கைகழுவிய லிஃப்டுகளை ஓட வைத்தேன். சொந்தக் கம்பெனி தொடங்கினேன். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முனிர்காவில் அறை பிடித்துக்கொடுத்து, அவர்களையும் மெக்கானிக் ஆக்கினேன். மயூர் விஹாரில் சொந்த வீடு. மகளுக்கு இன்ஜினியரிங் படிப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஒரு மென்பொருளுக்கு விளக்கம் எழுதினேன்.

இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினால் என் மகள் கவிதா சிரிப்பாள். “அப்பா, நீங்க எழுதல. அக்கா எழுதினாங்க,” என்பாள். அந்த அக்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. செய்த வேலையில் பெயர் போடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. எனக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருள் என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் கம்பெனியைக் கவிதா கையில் எடுத்ததும், லிஃப்ட் புகார்களைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஓர் ஆப் செய்தாள். லிஃப்ட் நின்றால் ஆப் சொல்லும். எந்த மெக்கானிக் போயிருக்கிறார் என்று காட்டும். லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்னக் கருவியை வைத்து, நின்றுபோன லிஃப்டை ஆபீசிலிருந்தே மறுபடி ஓடவைக்கிற வசதியையும் சேர்த்தாள். ரீஸ்டார்ட் என்று பெயர். மற்ற லிஃப்ட் கம்பெனிகளும் அந்த ஆப்பைக் கேட்டு வந்தன. அப்புறம் அதற்குள் ஒரு செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்தது. ஆபீசில் அதை ஏஜென்ட் என்றார்கள். எனக்கு ஏஜென்ட் என்றால் ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிறவர்தான். இந்த ஏஜென்ட் யார் எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்லும். சொல்வதோடு நிற்காது, அனுமதி உள்ளவர் கேட்டால் பொத்தானையும் தானே அழுத்தும். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் நாம் எழுதிக் கொடுத்த விளக்கம் மட்டும்தான். அந்த விளக்கத்தை மனிதரும் படிக்க வேண்டும், இதுவும் படிக்க வேண்டும். அதை எழுதத்தான் அந்த அம்மா வந்தார்.

கிட்வாய் நகரில் மத்திய அரசுக் குடியிருப்பில் வீடு. கணவருக்குச் செக்‌ஷன் ஆபீசர் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் வடக்கே என்றாலும் பேச்சில் தாமிரபரணி ஓடும். நாற்பதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, காதுக்கு மேல் சொருகிய பென்சில். என்னை முதல் நாளே “அண்ணாச்சி” என்றார். எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எங்களுக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். ஆனாலும் அந்த வாயிலிருந்து வந்தபோது ஒரு பட்டம் மாதிரி இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. தனக்குப் பிறகு வரப்போகிறவர், முன்பின் தெரியாதவர், ஒன்றும் அறியாதவர், அவர் கண்ணுக்கு எப்போதும் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் அவர் வைக்கும் டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: தயிர், புளித்தது, வெள்ளிக்கிழமை வரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிறகு கொட்டிவிடவும். புளித்தது என்பதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டேன். வாயில் வைத்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம் என்றார். மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் குறைவு. நாங்கள் எல்லோரும் கால் பழகி ஏறிக்கொண்டிருந்தோம். அவர் வந்த வாரம் அந்தப் படியில் மஞ்சள் பெயின்ட் ஏறியது.

அவர் எழுதும் முறையையும் சொல்ல வேண்டும். எழுதியதை அச்செடுத்து மேசையில் வைப்பார். மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைப்பார், கீழே ஒன்றை வைத்து மறைப்பார். நடுவில் ஒரு பத்தி மட்டும் தெரியும். அந்த நேரம் பார்த்து அறைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, டீ கொண்டுவருகிற பையாவோ கூரியர்காரரோ, அந்தப் பத்தியை மட்டும் கேட்டுவிட்டு இப்போது என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் மாட்டியது நான்தான். இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசிப்பார்.

“மேலயும் கீழயும் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. இதை மட்டும் கேளுங்க. கேட்டுட்டு என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க.”

முதல் தடவை வாசித்த பத்தியில், வேலை முடிந்ததும் அதை அழுத்தவும் என்று இருந்தது. எதை என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். உடனே பென்சிலை எடுத்துப் பொத்தானின் பெயரை எழுதினார். ஆபீசில் மற்ற எல்லோருக்கும் ஆப் பழகிப்போயிருந்தது. பழகியவருக்கு ஓட்டை தெரியாது. பழகாதவன் நான் ஒருவன்தான். அதனால் அந்த ஆபீசில் என்னைப் போல வேலைக்கு ஆகிறவர் யாரும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். ஏன் பத்தி பத்தியாக மறைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஏஜென்ட் புத்தகம் முழுவதையும் படித்துக்கொண்டிருக்காது, கேட்ட கேள்விக்குத் தோதான துண்டை மட்டும் எடுத்து வரும், அந்தத் துண்டு தன் காலில் நிற்க வேண்டும் என்றார்.

“மனுஷங்களும் அப்படித்தான். யாரு முதல் பக்கத்துல இருந்து படிக்கா? ஆனா நீங்க தெரியலன்னா எதைன்னு கேப்பீங்க. அது கேக்காது. தெரிஞ்ச மாதிரியே சொல்லிரும்.”

இயந்திரத்தைவிட நான் ஒருபடி மேல் என்று படித்த ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டில் இதை என் மனைவியிடம் சொன்னேன். மிக்ஸியைவிட மேலா என்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மயூர் விஹாரிலிருந்து ஒரே மெட்ரோ. சொதியும் இஞ்சித் துவையலும் வைத்திருந்தார். என் மனைவி தேங்காய்ப்பாலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, நான் வீட்டைப் பார்த்தேன். எங்கு திரும்பினாலும் சீட்டு. கீசரின் சுவிட்சுக்கு மேல் ஒன்று. பால்கனிக் கதவில், தூக்கித் திறக்கவும் என்று ஒன்று. எல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும். அவர் கணவர் நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. என் பார்வையைக் கவனித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “என் சட்டைப்பைலயும் ஒண்ணு வச்சுருவா சார். தொலைஞ்சுபோனா எந்த வீட்டுல கொண்டுவிடணும்னு.”

“வைக்கணும்தான்,” என்றார் அந்த அம்மா. “போன வாரம் பக்கத்து பிளாக்குல போயி பெல் அடிச்சாங்க அண்ணாச்சி, நம்ம வீடுன்னு.”

சாப்பிட்ட பிறகுதான் அந்தச் சீட்டுகளின் கதை வந்தது. அவருடைய அப்பாவுக்கும் மத்திய அரசு வேலை. ஜபல்பூர், ஜாம்நகர், கவுஹாத்தி என்று மாற்றல் மாற்றலாக வளர்ந்த குடும்பம். ஒவ்வொரு வீட்டையும் காலி செய்யும்போது, சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு, அப்பா சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டுவாராம். தண்ணீர்க் குழாயை எங்கே மூடுவது, எந்த ஜன்னல் வழியாகக் குரங்கு வரும், எந்த ஃப்யூஸ் அடிக்கடி போகும். அந்த வீட்டுக்கு அடுத்து யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பாஷைக்காரர் என்றும் தெரியாது. வந்தவர்களைப் பிறகு பார்த்ததும் இல்லை. அந்தத் தாளில் அவர் பெயரும் இருக்காது.

எல்லா வீட்டிலும் அப்படி ஒட்டினாரா என்று என் மனைவி கேட்டாள். ஆரம்பத்தில் இல்லை என்றார் அந்த அம்மா. ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அதில் பின்கட்டு மோட்டார் சுவிட்ச், மழை பெய்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். முன்பு இருந்த குடும்பத்துக்கு அது தெரியும். ஒரு மூங்கில் குச்சியால் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது குச்சியை மூலையில் சாத்திவிட்டுப் போனார்கள். குச்சி எதற்கு என்று புதிதாக வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய அம்மா அதை எடுத்துக் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தார். முதல் மழைக்கு வெறும் கையால் சுவிட்சைப் போட்டார். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. சோற்றைப் பிசைய ஸ்பூன்தான்.

“கெட்டவங்க இல்ல அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க, ரொம்ப நல்ல குடும்பமாம். தெரிஞ்சதை எழுதணும்னு தோணல, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு என் மனைவிக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். ரீஸ்டார்ட் வசதிக்கு விளக்கம் எழுத வேண்டிய முறை வந்தபோது, லிஃப்ட் நிற்பதை நேரில் பார்க்காமல் எழுதமாட்டேன் என்றுவிட்டார் அவர். நானே கூட்டிப்போனேன். எங்கள் முருகேசன் ஒரு சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், குழி சுத்தம் செய்துகொண்டிருந்தான். என்னிடம் வேலை கற்றவர்களில் கைவேலை சுத்தமானவன். லிஃப்ட் மேல் மாடியில் நிற்க, தரைத்தளத்துக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கதவு மூடாதபடி அதன் தடத்தில் தன் ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு அவன் குழிக்குள் இறங்கினான்.

அந்தச் செருப்பு நான் கொண்டுவந்த வழக்கம். கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதோடு, வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். குழிக்குள் லிஃப்டை நிறுத்திவைக்க ஒரு சுவிட்ச் உண்டுதான். பழைய கட்டடங்களில் மழைநீர் குடித்து அது செத்துக் கிடக்கும், செருப்பு சாகாது. இதையெல்லாம் பெருமையாகவே விளக்கினேன். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எதுக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும் அண்ணாச்சி?”

“எல்லாருக்கும் தெரியும்மா.”

“எல்லாரும்னா யாரு?”

மெக்கானிக்குகள், சூப்பர்வைசர்கள், பழைய செக்யூரிட்டி கார்டு என்று அடுக்கினேன். நேற்று வேலைக்குச் சேர்ந்த கார்டுக்குத் தெரியுமா என்றார். துடைக்க வருகிற அம்மாவுக்கு? ஆபீசில் உட்கார்ந்து ரீஸ்டார்ட்டை அழுத்துகிறவர் கண்ணுக்கு இந்தச் செருப்பு தெரியுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அதுக்குத்தாம்மா நான் இருக்கறேன்.”

“நீங்க எந்த லிஃப்ட் வாசல்லன்னு நிப்பீங்க? உங்க ஆப்பு இப்போ நொய்டாவுக்குப் போகப்போகுது. அங்கன உங்களையும் தெரியாது, செருப்பையும் தெரியாது.”

குழிக்குள்ளிருந்து முருகேசன் சிரிப்பது கேட்டது. நான் பக்கத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, யாருக்கும் அதிகம் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். நான் வேலைக்கு வந்த புதிதில் குழிக்குள் இருந்தபோது மேலே யாரோ லிஃப்டை ஓட்டிவிட்டார்கள். எண்ணெய்த் தண்ணீரில் மல்லாந்து படுத்தேன். லிஃப்டின் அடிப்பாகம் என் சட்டைப் பொத்தானைத் தொட்டு, கீழே இருந்த ஸ்பிரிங்கில் இடித்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடப்பார்த்துச் செத்திருப்பார்கள். நான் படுத்தேன், அதனால் இருக்கிறேன். அன்றைக்கு ஏற்படுத்தியதுதான் செருப்பு. அன்றைக்கு ஏற்படுத்தியதுதான் என் ஆட்களுக்கு நான் சொல்லும் சட்டமும்.

“என்ன சட்டம் அண்ணாச்சி?”

சொன்னேன். “குழிக்குள்ள இறங்கனவன் வெளிய வந்து, எதிர்ல நின்னு, தன் வாயால வந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் எவனும் எதையும் தொடக்கூடாது.”

மறுபடி சொல்லச் சொன்னார். பென்சிலை எடுத்து நான் சொன்னபடியே எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“எவனும்னா, மெஷினும் சேத்தியா?”

“மெஷினும் சேத்திதான்.”

அதையும் எழுதிக்கொண்டார். இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அதற்குப் பிறகு ஆபீசில் தகராறு. ரீஸ்டார்ட்டைப் பற்றி வரும் ஒவ்வொரு பத்தியிலும் அவர் என் வாக்கியத்தை வைத்திருந்தார். கைப்பேசியில் அழுத்துவது எப்படி என்ற பத்தியில் அது இருந்தது. அழுத்தியும் ஓடாவிட்டால் என்ன செய்வது என்ற பத்தியிலும் இருந்தது. ஏஜென்டிடம் சொல்லி அழுத்தவைப்பது எப்படி என்ற பத்தியில் முதல் வரியே அதுதான். கவிதாவுக்குத் தாங்கவில்லை. அவள் பக்கமும் நியாயம் உண்டு. ஆப்பை வாங்கவிருந்த நொய்டா கம்பெனி விளக்கத்துக்காகக் காத்திருந்தது, தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. நீளமாக இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் பொய்யில்லை.

“அக்கா, ஸேஃப்டி எல்லாம் ஒரே பேஜ்ல போட்டுடலாம். ஒரு லிங்க் குடுத்தா போதும். பார் பார், திரும்பத் திரும்ப அதையே எழுதினா ஜனங்க ஸ்கிப் பண்ணிடுவாங்க.”

“ஸ்கிப் பண்ணட்டும் கவிதா. கண்ணுல பட்டுட்டுல்லா ஸ்கிப் பண்ணுவாங்க. லிங்க் குடுத்தா கண்ணுலயே படாது.”

கவிதா என்னைப் பார்த்தாள். என் வாக்கியம் பத்து இடத்தில் வந்தால் எனக்கென்ன கசக்கவா போகிறது? அக்கா சொல்வதுதான் சரி என்றேன். அப்பாவுக்கு அவர் குரலை அவரே கேட்டால் பிடிக்கும் என்றாள் மகள். கடைசியில் அந்த அம்மா மற்ற எல்லாப் பக்கங்களையும் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். தன் அழகான வரிகளையெல்லாம் தானே அடித்துத் தள்ளினார். ரீஸ்டார்ட் பத்திகளில் மட்டும் கைவைக்கவில்லை. கவிதா பெருமூச்சு விட்டு, அச்சா, இருக்கட்டும் என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அதற்கு வேலை வந்தது. புகைமூட்டம் விலகாத ஒரு காலை. எங்கள் பகுதியிலேயே ஒரு சொசைட்டியில் முருகேசன் குழிக்குள் இறங்கியிருந்தான். புகார் இல்லாத வழக்கமான வேலை என்பதால் அது ஆப்பில் ஏறியிருக்கவில்லை. அவன் இறங்கிய பிறகு காவல் மாறி வந்த கார்டு புதியவர், பீகாரிலிருந்து வந்தவர், ஒழுங்கான மனிதர். லிஃப்ட் வாசலில் ஒற்றைச் செருப்பு தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்தார். யாரோ விட்டுப்போனது என்று எடுத்து, மரியாதையாகச் சுவரோரம் வைத்தார். கதவு மூடிக்கொண்டது. கதவு மூடியதைக் கீழிருந்த முருகேசன் பார்த்திருக்கிறான். கார்டு குளிருக்காக மூடினார்போல என்று நினைத்து, தலை விளக்கை எரியவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அந்தக் குழியின் சுவிட்ச் செத்துப்போய், மாற்றுவதற்குச் சொசைட்டியின் சம்மதம் வரக் காத்திருந்தோம்.

மேல் மாடியில் சொசைட்டியின் செக்ரட்டரி. அவருடைய மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், நடக்கமுடியாதவர். லிஃப்ட் தங்கள் தளத்தில் நிற்கிறது, ஆனால் கீழ்க் கதவு வெகுநேரம் திறந்து கிடந்ததில் பிழை காட்டி நின்றுபோயிருந்தது, ரீஸ்டார்ட் செய்யாமல் கதவு திறக்காது. செக்ரட்டரிக்கு ரீஸ்டார்ட் அனுமதி உண்டு. கைப்பேசியை எடுத்து ஏஜென்டிடம் இந்தியில் சொன்னார், லிஃப்டை உடனே ஓடவிடு என்று. அந்த லிஃப்ட் ரீஸ்டார்ட் ஆனால் முதலில் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கும். அங்கே கீழே முருகேசன் குனிந்திருக்கிறான்.

ஏஜென்ட் அழுத்தவில்லை. குழிக்குள் இறங்கியவர் வெளியே வந்து, உங்கள் எதிரே நின்று, தன் வாயால் வந்துவிட்டேன் என்று சொன்னாரா என்று கேட்டது. செக்ரட்டரிக்கு எரிச்சல். யாரும் இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறது. திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். சுவரோரம் ஒற்றைச் செருப்பு. ஜோடி எங்கே என்று கார்டைக் கேட்டார். லிஃப்ட் வாசலில் இது ஒன்றுதான் கிடந்தது என்றார் அவர். அப்புறம்தான் இருவருக்கும் விஷயம் புரிந்து, கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து முருகேசன், ஆ ரஹா ஹூம் பையா, வந்துகொண்டுதான் இருக்கிறேன், ஏன் இப்படித் தட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

செய்தி வந்ததும் நாங்கள் மூவரும் போனோம். கவிதா முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செக்ரட்டரி என்னிடம் இரண்டு கையையும் கூப்பினார். நான் அதைப் பெற்றுக்கொண்டேன். அந்த அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. கார்டைத் தனியாக அழைத்து, நீங்கள் செய்தது தப்பில்லை, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார். பிறகு முருகேசனிடம் வந்தார்.

“தம்பி, இன்னைக்கு நீ ஒருத்தன். ரெண்டு பேரு இறங்கியிருந்தா? ஒருத்தன் வந்து வந்துட்டேன்னு சொன்னதும் அழுத்திருப்பாங்கல்லா?”

முருகேசன் யோசித்துவிட்டு, ஆமாக்கா என்றான். அவர் அங்கேயே நின்றபடி பென்சிலை எடுத்தார். இறங்கியவர் என்றிருந்தது, இறங்கிய ஒவ்வொருவரும் என்று ஆனது. நான் அதை முதலிலேயே நினைத்திருந்தேன். சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. திரும்பும்போது வண்டியில் அவர் தன் வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் கணவருக்கு ஷில்லாங் மாற்றல் வந்தது. அங்கிருந்தே எழுதிக்கொடுங்கள் என்று கவிதா கெஞ்சினாள். வயதான மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. விளக்கத்தின் முகப்பில் அவர் பெயரைப் போட வேண்டும். அதை ஒட்டி என் பெயரையும் போட வேண்டும். கேட்டேன். சிரித்தார்.

“வீட்டைக் காலி பண்ணும்போது சுவத்துல பேரை எழுதிவச்சுட்டா போவாங்க அண்ணாச்சி? வாரவங்களுக்குக் குழாய் எங்கன இருக்குன்னு தெரிஞ்சா போதும்லா.”

கடைசி நாள் எல்லோரும் கேக் வெட்டினார்கள். நான் என் அறையிலேயே இருந்தேன். எனக்கு அப்படிப்பட்ட இடங்களில் பேச வராது. லிஃப்ட் மோட்டாரைப் பற்றி என்றால் பேசுவேன். அவராகவே வந்து எதிரே நின்றார். சொல்ல நினைத்தது நிறைய. வாயில் வந்தது, போயிட்டு வாம்மா, அவ்வளவுதான்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் நீட்டினார். ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் ஒரு பத்தி அளவு இடைவெளி.

“போயிட்டு வான்னா எப்போ வரணும் அண்ணாச்சி? எங்கன வரணும்? யாரு வீட்டுக்கு? ஒண்ணும் எழுதலையே.”

“அடுத்த தீபாவளிக்கு, மயூர் விஹாருக்கு, எங்க வூட்டுக்கு,” என்றேன். “வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு. சொதி நாங்க வெக்கறோம்.”

“இப்போ நிக்கு,” என்றார். காதுக்கு மேலிருந்த பென்சிலை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேண்டுமென்றே வைத்தாரா, மறந்தாரா என்று எழுதி வைக்கவில்லை. அவர் அப்படி ஒன்றை எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். வந்த தீபாவளிக்கு ஷில்லாங்கிலிருந்து வர முடியவில்லை. என் மனைவி சொதி வைத்தாள்.

இப்போது அந்த ஆப் எங்கெங்கோ ஓடுகிறது. நான் சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏஜென்டைக் கூப்பிட்டு, லிஃப்டை ஓடவிடு என்று தமிழில் சொல்வேன். குழிக்குள் இறங்கிய ஒவ்வொருவரும் வெளியே வந்து, எதிரே நின்று என்று அது ஆரம்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். என் சட்டம், அவர் நடை. ஒருநாள் கேட்டேன், இதை யார் சொன்னது என்று. அந்தத் தகவல் விளக்கத்தில் இல்லை என்றது. பொய் சொல்லாமல் இல்லை என்று சொன்னதே, அதுவும் அவர் எழுதிவைத்த ஒழுங்குதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

கவிதாவிடம் போய்ச் சொன்னேன். சமாதானமாக, கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு பகுதி போட்டு அப்பா பெயரைச் சேர்த்துவிடலாம் என்கிறாள். அது எனக்கு ஒத்துவராது. கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? வருகிறவர் ஒரு துண்டைத்தான் எடுத்துப் போகிறார், அந்தத் துண்டு தன் காலில் நிற்க வேண்டும். இது நானாகச் சொல்வதல்ல, அந்த ஆபீசில் எழுதுவதற்கென்று வந்தவர் வைத்த விதி. அவர் பெயர் வேண்டாம் என்றார், அதை மதிக்கிறேன். அந்த இடத்தில், கேட்டு எழுதியவர் ஒருவர் என்று போட்டால் போதும், படிக்கிறவர் யார் அவர் என்று கேட்கட்டும். என் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனவே கவிதாவுக்கும், நொய்டா கம்பெனிக்கும், இதற்குப் பிறகு அந்த விளக்கத்தில் கைவைக்கப்போகிற எவருக்கும் எழுத்திலேயே சொல்கிறேன். “சொன்னவர், லிஃப்ட் மெக்கானிக் ஆத்தூர் பெ. மாரிமுத்து.” இதை ரீஸ்டார்ட் வருகிற ஒவ்வொரு பத்தியிலும் போடவும். லிங்க் கொடுத்தால் போதாது.